எண்பத்தொன்பதாம் பாகம்

பகலில் மனிதர்களுக்குப் பல் செய்கிறேன்.
கோஷித்சே நகரத்தில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி,
மெழுகும் பீங்கான் தூளுமாய் எட்டு மணி நேரம்.
இரவில் சக்கரத்துக்குப் பல் செய்கிறேன்.
இரண்டுக்கும் ஒரே இடுக்கி.
இந்தப் பற்களுக்குக் கடிக்க எதுவும் கிடையாது.

வரைபடம் என்னுடையதல்ல,
இம்ரிஹ் பாதியில் விட்டது.
உப்புப் பாலையைக் கடக்கவென்று அவன் கற்பித்த கவசவண்டி.
எந்த நாட்டுப் படையிலும் இல்லை.
உப்புக்கரடி என்று பேர் வைத்திருந்தான்.
எட்டுச் சக்கரம். தரையை முகரும் மூக்கு.
பின்புறம் கரி தின்னும் கொதிகலன்.
தகட்டுக்குத் தகடு துருவைத் தீற்றியிருந்தான்:
ஓடாத வண்டிக்கு ஓடிய களைப்பு.

பதினோரு தாள் இருந்தது, பன்னிரண்டாவது இல்லை.
எண்பத்தெட்டோடு எண்கள் நின்றுபோயிருந்தன.
மேல்தளத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு வட்டம்,
நடுவில் 89.
அவ்வளவுதான்.

ஜனவரியில் பல் கட்டுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.
தடித்த தாளில் அச்செடுத்தேன்.
முதல் மடிப்பிலேயே பிழை தெரிந்தது,
பக்கத்தகடு ஒரு மில்லிமீட்டர் குட்டை.
கோட்டுக்குத் தடிமன் கிடையாது, தாளுக்கு உண்டு.
திரையில் வரைகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான்.
மூன்று ஞாயிற்றுக்கிழமை திருத்தினேன்.
இடப்பக்கம் நிமிர்ந்தால் வலப்பக்கம் கோணியது.
அந்தக் கோணல் வண்டிக்குள்ளேயே
வாடகை தராதவன் மாதிரி
அறை மாறி அறை மாறிக் குடியிருந்தது.

உள்சுவரை ஒட்டும்போதுதான் பார்த்தேன்.
மூடிவிட்டால் ஒருவர் கண்ணுக்கும் எட்டாத இடத்தில்
ஒரு குவளை,
மாதம் எழுதாத நாட்காட்டி,
கோட்டு மாட்ட மூன்று ஆணி.
இரண்டில் கோட்டு தொங்கியது.
ஒன்று காலி.

அவனுக்கு எழுதினேன்: எண்பத்தொன்பது எங்கே?

பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது.
ஜெல்மீரா,
அந்த ஆண்டு பனி உருகும் முன்னால்
நிலையத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றது.
தார்ப்பாய் போர்த்திய தட்டைப் பெட்டிகள்.
ஒன்றில் காற்று பாயைத் தூக்கியது, குழல் தெரிந்தது.
என் புத்தி உனக்குத் தெரியுமே,
கண்ணாலேயே அளந்தேன், இருபத்தைந்தால் வகுத்தேன்.
என் மேசையில் பசை உலர்ந்துகொண்டிருந்த குழலும்
சரியாக அதே நீளம்.
எதிர் நடைமேடையில் ஒருத்தி
பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.
வீட்டுக்கு வந்து கணினியை அணைத்தேன்.
நீ கட்டு.
வட்டம் உன் இஷ்டம்.

புகைபோக்கி வைத்துப் பார்த்தேன், ரொட்டிக்கடை ஆயிற்று.
தண்ணீர்த் தொட்டி வைத்தேன், வண்டியே என்னைக் கேலி செய்தது.
ஒரு ராத்திரி, எவன் மேலோ கோபம்,
பின்னலூசியில் தாளைச் சுற்றிக்
குழலையே உருட்டிவிட்டேன்.
ஒரு சுருக்கமில்லை. விளிம்பு கூடப் பிசகவில்லை.
அத்தனை குளிர்காலத்தில்
முதல் முயற்சியிலேயே சரியாக வந்த ஒரே பாகம்.
வட்டத்தில் நிறுத்தினேன்.
பொருந்தியது.
தேநீர் ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
பிறகு எடுத்து நசுக்கினேன்,
நசுக்கவும் கொஞ்சம் மனமில்லாமல்.

கடைசியில் ஒரு மூடி வெட்டினேன்.
ஜாம் புட்டி மூடியளவு, நூலால் கீல்.
ஒட்டவில்லை.
திறந்தால் ஆணிகள் தெரியும்.

மே மாதம், மழையில், இம்ரிஹ் வந்தான்.
வண்டியைக் கையில் எடுக்கவில்லை.
குனிந்து கரடியோடு மூக்குக்கு மூக்கு வைத்தான்.
நகத்தால் மூடியை நெம்பி
ஒற்றைக் கண்ணால் உள்ளே
வெகுநேரம்.
பிறகு சொன்னான்,
வலது மூன்றாம் சக்கரம் தரையைத் தொடவில்லை.
தெரியும் என்றேன், உன் கணக்கு அது.
தாளின் தடிமனை விட்டுவிட்டேன், இல்லையா?
ஆமாம்.

நனைந்த கோட்டைக் கழற்றினான்.
மாட்ட இடம் தேடி,
நாற்காலி முதுகில் போட்டுவிட்டு
கத்தி எங்கே என்றான்.